பரிமாறாத விருந்தின் அட்டை

செந்தூரான் துணை

தூத்துக்குடி
12-4-1946

கொழும்பில் இருக்கும் கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு மதினி சீனித்தாய் எழுதிக்கொண்டது. இங்கன நானும் மக சந்தனமாரியும் நல்லா இருக்கோம். உடம்பு பூரா வேர்க்குரு. அதை நோயில சேக்கவா வேண்டாமான்னு தெரியாததால சுகம்னே எழுதுதேன். நீ எப்படி இருக்கே? முப்பத்தாறு வயசுலயும் சொந்தக் கையால கஞ்சி வச்சுக் குடிக்கிற மனுசனுக்கு உடம்பு எப்படி இருக்கும், கேக்கதே தப்பு.

உன் கடுதாசி வந்துச்சு. உங்க அண்ணன் ரங்கூன் ஆல்பியன் ஓட்டல்ல இருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் கொண்டாந்த சாமான் என்னென்ன இருக்குன்னு கேட்டிருக்கே. நீ வேலை பாக்க ஏலக்கடைக்கு ஒரு துரை வாராராம், அந்த ஓட்டல் சாமான்னா உயிரை விடுதாராம். வெயில் நம்மளவிட அவங்களுக்குத்தான் ஜாஸ்தி ஏறும்போல.

எழுதிக்கோ. பச்சைக் கோடு போட்டு நடுவுல தங்க அன்னம் போட்ட பீங்கான் தட்டு ஆறு. ஆறும் மூளி. ஓரத்துல ஒரு மயிரிழை போனாலும் அந்தத் தட்டு மேஜைக்குப் போகப்பிடாது, பரிமாறுற ஆளுக்குக் குடுத்துருவாங்க, அதுதானே அங்கத்த வழக்கம். கவர்னர் சாப்பிட்ட தட்டுல நான் கருவாடு வைக்கேன். கை நனைக்கிற கண்ணாடிக் கிண்ணி ஒண்ணு, அதுல திருநீறு இருக்கு. வெள்ளி முலாம் கரண்டி ரெண்டு. மடியில விரிக்கிற வெள்ளைத் துணி ஒண்ணு இருந்துச்சு. சந்தனமாரி தொட்டில்ல விரிச்சோம். அப்புறம் அது என்ன ஆச்சுன்னு நீயே யூகிச்சுக்கோ.

மெனு அட்டையும் இருக்கு, நாப்பத்தொண்ணு. அதை மட்டும் கேக்காதே. முன்பக்கம் அன்னிக்கு என்ன சாப்பாடுன்னு இங்கிலீசுல அச்சு, பின்பக்கம் உங்க அண்ணன் எனக்கு எழுதின கடுதாசி. வேலை முடிஞ்சதும் தூரப் போடுற அட்டையை வீணாக்குவானேன்னு அதுலயே எழுதுவாக. தேதி முன்னாலயே அச்சடிச்சிருக்கதால பின்னால ஒருநாளும் தேதி போட்டதில்லை.

கடைசி அட்டை வந்து நாலரை வருசமாச்சு. ரங்கூன்ல குண்டு விழுந்த பிறகு நடந்தே வந்தவங்கள்ல ஒருத்தர் அரக்கான் காட்டுல பாத்தேன்னாரு. இன்னொருத்தர் மாந்தளையில இருக்காருன்னாரு. சண்டையும் முடிஞ்சு போச்சு. நான் பொட்டு வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வைக்கலாமா பிடாதான்னு தெருவே பாக்குது. அந்தத் துரை அங்கன சாப்பிட்டவருன்னா, ஒம்பதாம் நம்பர் ஆளு எங்கன போனாருன்னு தெரியுமான்னு கேளு. பேரை நான் எழுதப்பிடாது. ஓட்டல்ல உங்க அண்ணனைக் கூப்பிட்ட நம்பரை எழுதினா தோசம் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

மதினி
சீனித்தாய்


கொழும்பு
3-5-1946

மதிப்புக்குரிய மதினிக்கு ஆறுமுகநயினார் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கஞ்சியும் நலம். சந்தனமாரி நலம் அறிய ஆவல்.

துரையின் பெயர் பெல்ஹாம். மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்து இப்போது விற்றுவிட்டார். வருஷக் கடைசியில் சீமைக்கே போகிறார். இளவயசிலிருந்து வருஷம் தவறாமல் ரங்கூன் போய் ஆல்பியனில் சாப்பிட்டவர். அறுபது வருஷத்து ஓட்டல், மதினி. சண்டையில் அது முழுசாக எரிந்து போனதாகப் பத்திரிகையில் பார்த்த நாளிலிருந்து இவர் அதன் சாமான்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். தட்டு, கரண்டி, சாவி, ரசீது, எல்லாம் வேண்டுமாம். சீமை வீட்டில் ஒரு சுவர் முழுக்க மாட்டி வைக்கப் போகிறாராம். உடைந்த தட்டானாலும் பரவாயில்லை என்கிறார்.

நீங்கள் சொன்னபடி கேட்டேன். "ஒம்பதாம் நம்பரா? எனக்குக் கடுகு ஆகாதென்று அவன் ஒருமுறைகூட மறந்ததில்லை" என்று சிரித்தார். எங்கே போனான் என்று தெரியாது என்றார். வருத்தப்படாதீர்கள். அண்ணன் வந்ததும் இந்தத் துரையின் கதையைச் சொல்லிச் சிரிப்போம். நானும் லீவு போட்டு வருவேன். அண்ணன் வந்ததும் சந்தனமாரிக்கு மாப்பிள்ளை பார்க்கலாம், அதுவரை அவசரப்பட வேண்டாம்.

தட்டுகளை நன்றாகத் துடைத்து, வைக்கோல் சுற்றி, தோணி ஓட்டும் காயல்பட்டினத்து சாலிஹ் தண்டலிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு
ஆறுமுகநயினார்


தூத்துக்குடி
30-5-1946

கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு. நாங்க சுகம். வேர்க்குரு போயிருச்சு, அந்த இடத்துல கொசுக்கடி வந்திருக்கு. உன் சுகத்துக்கு எழுது.

தட்டு ஆறையும் சாலிஹ் தண்டல்கிட்ட குடுத்தாச்சு. "ஏன் லாத்தா, உள்ளே என்ன முத்தா?"ன்னு கேட்டாரு. முத்தாயிருந்தா உம்மகிட்ட குடுப்பேனான்னேன். அந்த மனுசனும் சிரிச்சுக்கிட்டாரு.

ஒரு சங்கதி சொல்லணும், திட்டப்பிடாது. துடைச்சு அனுப்பச் சொன்னே. சீமைக்குப் போற சாமானைச் சும்மா துணியால துடைச்சா நல்லாவா இருக்கும்? புளியும் செங்கப்பொடியும் போட்டு, வெங்கலப் பானை தேய்க்கிற தேய்ப்புத் தேச்சேன். பாதி தேய்க்கையிலே சந்தனமாரி, "அம்மா, உன் கை மினுங்குது"ன்னா. பாத்தா, தட்டுல இருந்த தங்கம் பூரா என் கையில இருக்கு. ரெண்டு தட்டுல அன்னத்தைக் காணலை. ஒண்ணுல காலு மட்டும் நிக்கி. துரைக்குக் காலு போதுமான்னு கேளு. பறவை பறந்து போச்சுன்னு சொல்லு.

இனி மெய்யான சங்கதி. ஏரல்ல இருந்து சந்தனமாரியைப் பாத்துட்டுப் போயிருக்காக. மாப்பிள்ளை பலசரக்குக் கடை வச்சிருக்கான். குனிஞ்ச தலை நிமிராம காப்பி குடிச்சான், ரெண்டாவது டம்ளர் கேக்கும்போதுதான் நிமிந்தான். எனக்குப் பிடிச்சிருக்கு. அவன் தாயார் சுடலைமாடத்தி பேரைப்போலவே கண்டிசனான பொம்பளை. என் கழுத்தைப் பாத்துக்கிட்டே கேட்டா.

"ஏளா, உம் மாப்பிள்ளை இருக்காரா இல்லையா?"

"இருக்காரு" ன்னேன்.

"எங்கன?"

ரங்கூன் பக்கம்னேன்.

"இருக்காருன்னா பூவும் பொட்டுமா நீயே ஆரத்தி எடு. இல்லைன்னா வேற கட்டுக்கழுத்தியை வச்சு நடத்துவோம், நீ ஓரமா நின்னு பாரு. ரெண்டும் எனக்குச் சம்மதம். ஒளிவு மட்டும் ஆகாது. பின்னால ஒண்ணு தெரிய வந்துச்சுன்னா உம் மகளை நான் வீட்டுல வைக்க மாட்டேன்" ன்னு சொல்லிட்டா.

தப்பாச் சொல்லலை. ஆனா எனக்கே தெரியாததை நான் எப்படி ஒளிக்க? நீ சொன்னமாதிரி உங்க அண்ணன் வரட்டும்னு இருக்கவா? பிள்ளைக்கு இருபது முடிஞ்சிருச்சு. பதில் போடு.

மதினி
சீனித்தாய்


கொழும்பு
2-7-1946

மதினிக்கு வணக்கம். நலம். நலம் அறிய ஆவல்.

தட்டுகள் வந்து சேர்ந்தன. பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. ரங்கூனிலிருந்து ஏலத்துக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. அதைப் பிரித்து அடுக்குகிற வேலை.

ஏரல் சம்பந்தம் நல்ல சம்பந்தம். தள்ளிப்போட வேண்டாம். ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். நீங்களே ஆரத்தி எடுங்கள். யார் என்ன கேட்டாலும் நீங்கள் சொன்னதையே சொல்லுங்கள்.

சந்தனமாரிக்குப் பட்டு அனுப்புகிறேன்.

ஆறுமுகநயினார்


தூத்துக்குடி
15-7-1946

கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு மதினி எழுதுவது. நாங்க சுகம்.

உன் கடுதாசியை மூணு தடவ படிச்சேன். மூணாங்கிளாசு படிச்சவளுக்கு மூணு தடவ வேணும்லா. சின்னக் கடுதாசி. முன்னெல்லாம் நீ எழுதினா அரிசி விலையில ஆரம்பிச்சு பக்கத்து அறைக்காரன் குறட்டை வரைக்கும் இருக்கும். இதுல ஒரு குறட்டையும் இல்லை.

தட்டைத் தேச்சு நாசம் பண்ணினதுக்கு நீ என்னைத் திட்டலை. நான் ஒரு மாசமா, இந்தக் கொழுந்தன் என்ன சொல்லித் திட்டுவான், அதுக்கு நான் என்ன சொல்லணும்னு பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். எல்லாம் வீணாப்போச்சு.

சரி. ஆவணின்னா ஆவணி. இருபதாம் தேதி முகூர்த்தம் இருக்கு. ஏரலுக்கு ஆள் அனுப்பிட்டேன்.

நான் உன்கிட்ட எதுவும் கேக்கலை. நீயும் எழுத வேண்டாம். பட்டு அரக்குக் கலர்ல பாரு.

அந்தப் பெட்டியைத் தூக்கி இறக்கும்போது இடுப்பைப் பாத்துக்கோ.

மதினி


தூத்துக்குடி
14-9-1946

கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு. சுகம். பட்டு வந்துச்சு, கூடக் கடுதாசி ஏதும் வரலை. லீவு கிடைக்கலைன்னு தண்டல்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தே. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கு லீவு குடுக்காத ஏலக்கடையை ஒருநாள் நான் வந்து ஏலம் போடுதேன்.

ஆவணி இருபதாம் தேதி காலையில தாலி ஏறிச்சு. மழை இல்லை, காத்துதான். பந்தல் ஓலை ஒண்ணு பறந்து போயி மேளக்காரர் தலையில விழுந்துச்சு. அவரு நிறுத்தாம வாசிச்சாரு. உங்க பெரியப்பா மகன் தாரை வார்த்தாரு. மாப்பிள்ளை அன்னிக்கும் ரெண்டாவது டம்ளர் காப்பி கேட்டான்.

சுடலைமாடத்தி அக்கா முன்னால நின்னு பாத்துக்கிட்டிருந்தா. நான் நெத்தி நிறையக் குங்குமம் வச்சு, கனகாம்பரம் வச்சு, ஆரத்தி எடுத்தேன். அதை நீ தெரிஞ்சுக்கணும். தட்டுல தண்ணி ஒரு சொட்டுச் சிந்தலை. எடுத்து முடிச்சு வாசல்ல ஊத்தும்போதுதான் பாதியை என் கால்லயே ஊத்திக்கிட்டேன். வெயில்னு சொல்லிட்டேன்.

பிள்ளை ஏரலுக்குப் போயிட்டா. மறுவீடு எல்லாம் ஆச்சு. வீட்டுல ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் கழுவ இருக்கு. காலையில கழுவினா அன்னிக்கு வேலை தீந்துச்சு.

ஆறுமுகநயினாரு, கல்யாணம் முடிஞ்சுது. இனி எழுதலாம்.

மதினி
சீனித்தாய்


தூத்துக்குடி
22-11-1946

கொழுந்தனாருக்கு. சுகம்.

ரெண்டு மாசமாச்சு. நீ கார்டு வாங்கக் காசில்லாம இருக்கேன்னு நினைக்கலை. எப்படி, எங்கன, ஒண்ணும் எழுத வேண்டாம். தேதி மட்டும் எழுது. ஒரு மனுசனுக்கு வருசத்துல ஒரு நாளாவது எள்ளும் தண்ணியும் இறைக்கணும். நாள் தெரியாம எப்படி இறைக்க?

சீனித்தாய்


கொழும்பு
9-12-1946

மதினி,

உடம்பு நலமா என்று கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

1941 டிசம்பர் 25. வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும்.

ஜூன் மாசம் ரங்கூனிலிருந்து வந்த பெட்டி ஜீவமணி என்பவருடையது. நாசரேத்துக்காரர். ஆல்பியனில் அண்ணனோடு பதினாலு வருஷம் பரிமாறியவர். ஓட்டல் எரிந்தபோது கையில் கிடைத்ததை மண்ணில் புதைத்து வைத்து, சண்டை முடிந்ததும் தோண்டி எடுத்து வந்திருக்கிறார். பசிக்கு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் பெல்ஹாம் துரைக்கு விற்றுவிட்டார். பெட்டியைப் பிரித்தது நான்தான். அடியில் ஒரு மெனு அட்டை. அன்றைய ராத்திரி விருந்துக்கு அச்சடித்தது. அந்த விருந்து நடக்கவே இல்லை. உலகத்திலேயே அந்த ஒரு அட்டைதான் மிச்சம் என்று துரை குதித்தார். நான் பின்பக்கம் திருப்பினேன். அண்ணன் எழுத்து.

கொழும்பிலேயே தங்கியிருந்த ஜீவமணியைத் தேடிப்போய்க் கேட்டேன். மேஜைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது ஹாலின் மேல் குண்டு விழுந்ததாம். அண்ணன் வலி அறியவில்லை என்று சத்தியம் செய்தார். அவரும் இன்னும் ரெண்டு பேரும் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். சட்டைப் பையில் இருந்த அட்டையை அவர் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணனுக்குத் தூத்துக்குடி என்று தெரியும், வீடு தெரியாது என்று அழுதார்.

அட்டையில் உள்ளதை ஒரு எழுத்து மாறாமல் கீழே எழுதியிருக்கிறேன்.

"சீனித்தாய்க்கு. நான் சொகம். நீயும் பிள்ளையும் சொகமா. முந்தாநாள் இங்கன ஆகாசத்துல இருந்து குண்டு போட்டான். பயப்படாதே, நம்ம ஓட்டலுக்கு ஒண்ணும் இல்லை. சமையல்ல பாதிப் பேர் ஓடிட்டான். இன்னிக்குப் பெரிய விருந்து. நூத்திருபது பேருக்கு மேஜை போட்டாச்சு. வருவாங்களோ என்னமோ. வந்தா பரிமாற ஆள் வேணும்லா. ஜீவமணி கப்பலுக்குப் பேர் குடுத்திருக்கான், எனக்கும் சேத்து. தையில அங்கன இருப்பேன். பிள்ளைக்கு என்ன வேணும்னு கேட்டு எழுது. தண்ணி வைக்கக் கூப்பிடுதாக. மிச்சம் சாயந்தரம் எழுதுதேன்."

அதற்குக் கீழே பாதி அட்டை காலி.

ஏன் மறைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை கல்யாணம் உங்கள் கையால் நடக்கட்டும் என்று நினைத்தேன். அதன் பிறகும் எழுத முடியவில்லை. எழுதினால்தான் அண்ணன் இல்லாமல் போவார் என்பதுபோல் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாமானைச் சுத்தம் செய்வது இங்கே என் வேலை. பழைய ரொட்டியைப் பிசிறாக்கி மெல்ல உருட்டினால் காகிதத்தில் இருக்கும் பென்சில் எழுத்து போய்விடும். பின்பக்கத்து எழுத்தை எடுத்துவிட்டுக் கொடு, கறையோடு இருந்தால் மதிப்பில்லை என்று துரை சொல்லிவிட்டார். கெட்டிப் பென்சில், வர மாட்டேன் என்கிறது என்று அஞ்சு மாசமாகப் பொய் சொல்லி என் மேஜைக்குள் வைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் துரை கப்பலேறுகிறார். எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடவா என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

ஆறுமுகநயினார்


தூத்துக்குடி
17-12-1946

கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு மதினி எழுதுவது. நான் இருக்கேன். சாப்பிடுதேன், தூங்குதேன். நீயும் சாப்பிடு.

உனக்கு ஒளிக்கத் தெரியாது. ஆனி மாசம் நீ எழுதின கடுதாசியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நாலு வருசமா ஒவ்வொரு கடுதாசியிலயும் "அண்ணன் வந்ததும்"னு எழுதுவே. சில சமயம் எனக்கே சலிப்பா இருக்கும், இவன் வேற பாட்டுப் படிக்க மாட்டானான்னு. அந்தக் கடுதாசியில அது இல்லை. மூணு தடவ தேடினேன். அதுக்குத்தான் மூணு தடவ படிச்சது.

இத்தனை நாளும் என்னைக் கட்டுக்கழுத்தியா வச்சிருந்தே. அதுக்கு உன்னைத் திட்டவா கும்பிடவான்னு இன்னும் முடிவு பண்ணலை. பண்ணினதும் எழுதுதேன்.

அட்டையை எடுத்துக்கிட்டு ஓடி வராதே. உங்க அண்ணன் இருபது வருசம் அங்கன வேலை பாத்தாக. மூளியாகாத தட்டு ஒண்ணைக்கூட வெளியே கொண்டாந்ததில்லை. அவக எழுத்தைத் திருடிக்கிட்டு வந்தா அவகளுக்கே பிடிக்காது. துரை விலை குடுத்து வாங்கியிருக்காரு, அட்டை அவருது.

ஆனா நீ அழிக்காதே. உன் கை அதுல படப்பிடாது. துரைகிட்ட நேராப் போயி நில்லு. அந்த விருந்தைப் பரிமாற இருந்த ஆள் எழுதினது இது, ஒம்பதாம் நம்பர் எழுதினது, அவரு என் அண்ணன், இது அவரு பெஞ்சாதிக்கு எழுதின கடுதாசின்னு சொல்லு. எழுத்து இருக்கட்டும்னு கேளு. அதுக்கு மேலயும் அழிக்கணும்னா அவரு கையாலயே அழிக்கட்டும். உனக்கு முன்னால வச்சு அழிக்கட்டும்.

ஐயரைப் பாத்தேன். அந்த வருசம் மார்கழி பத்து, வளர்பிறை அஷ்டமி. இந்த வருசம் அதே திதி மார்கழி பதினஞ்சு, திங்கக்கிழமை வருது. தெருவறியத்தான் செய்யப்போறேன். பெரியப்பா மகன் இங்கன இறைப்பாரு, நீ அங்கன கடல்கரையில இறை. அது முடிஞ்சதும் ஏரலுக்குப் போயி சுடலைமாடத்தி அக்காகிட்ட நானே சொல்லுவேன். ஒளிவு ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னவ அவ.

மதினி
சீனித்தாய்


கொழும்பு
24-12-1946

மதினிக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். துரை உட்காரச் சொன்னார். இந்தக் கடையில் ஆறு வருஷத்தில் ஒரு துரை என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுதியிருப்பதைப் படித்துச் சொல் என்றார். சொன்னேன். "வந்தா பரிமாற ஆள் வேணும்லா" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு அவன் பெயர் என்ன என்று கேட்டார். மந்திரமூர்த்தி என்றேன். சொல்லிப் பார்த்தார், வாயில் வரவில்லை. பதினோரு வருஷம் எனக்குப் பரிமாறினான், பெயர் கேட்கவில்லை என்றார்.

எழுத்து இருக்கட்டுமா என்று கேட்டேன். ரொட்டித் துண்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அழித்தார், மதினி. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அழித்தார். அவர் கையாலேயே, மெதுவாக, காகிதம் கிழியாமல், ஒவ்வொரு வரியாக. முடிந்ததும் பிசிறை ஊதிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு ஏதோ கொடுக்க வந்தார். வாங்கவில்லை. நேற்றுக் கப்பலேறிவிட்டார்.

திங்கட்கிழமை நான் காலிமுகக் கடற்கரையில் இறைக்கிறேன். ஜீவமணியும் வருகிறேன் என்றார்.

ஒரு வேண்டுதல். ஏரலுக்குப் போக வேண்டாம். ஆரத்தி எடுத்தது அவர்களுக்கு நினைவிருக்கும். சந்தனமாரியைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? அட்டையில் எழுத்தும் இல்லை. நீங்களும் நானும் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. திருச்செந்தூரில் போய் யாருக்கும் தெரியாமல் திதி கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆறுமுகநயினார்


செந்தூரான் துணை

தூத்துக்குடி
6-1-1947

கொழுந்தனார் ஆறுமுகநயினாருக்கு மதினி சீனித்தாய் எழுதிக்கொண்டது. எனக்குச் சுகம்தான். கழுத்து லேசா இருக்கு, அதுக்கு இன்னும் பழகலை. நீ எப்படி இருக்கே? இறைச்சுட்டு ஈரத்தோட நிக்காம துவட்டினியா?

துரை அழிச்சதைப் படிச்சேன். முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். எனக்கு எழுதினது என்கிட்ட வந்துருச்சு. உன் கையெழுத்துலதான் வந்திருக்கு, அது நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு, ஆனாலும் வந்துருச்சு. அவரு சுவத்துல மாட்டப்போறது வெறும் சாப்பாட்டுச் சீட்டு.

நீ சொன்னதைக் கேக்கலை. திங்கக்கிழமை கடல்கரையில திதி குடுத்தோம். அன்னிக்கே பெரியப்பா வீட்டு அக்காமாரு ரெண்டு பேர் வந்து செய்ய வேண்டியதைச் செஞ்சாக. புதன்கிழமை பஸ் ஏறி ஏரலுக்குப் போனேன்.

சுடலைமாடத்தி அக்கா கடை வாசல்ல மல்லி காயப்போட்டுக்கிட்டிருந்தா. நிமிந்து என் கழுத்தைப் பாத்தா. கையில இருந்த சுளகைக் கீழ வச்சா.

"எப்ப?"

"அஞ்சு வருசமாச்சு" ன்னேன்.

"அஞ்சு வருசமா?" அவ குரலே மாறிப்போச்சு. "ஆவணியில வந்து என் மகனுக்கு ஆரத்தி எடுத்தியேளா. பூ வச்சுக்கிட்டு நின்னியே. அப்ப உனக்குத் தெரியுமா தெரியாதா?"

உள்ளே சந்தனமாரி அடுப்பை விட்டு வந்து நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அவளுக்கு இன்னும் நான் சொல்லலை. சொல்லாமலே தெரிஞ்சுக்கிட்டா. முகம் வெளிறிப்போச்சு. மாப்பிள்ளை தராசைப் பிடிச்சபடி நிக்கான். தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோகும். நாக்கு வரைக்கும் வந்துச்சு.

"எழுத்து வந்தது இந்த மார்கழியில. மனசுக்கு ஆனியிலயே தெரியும், அக்கா" ன்னேன்.

அவ மல்லியைக் கையால ரெண்டு தடவ பரத்தினா. எனக்கு அந்த நேரம் ஒரு நாள்மாதிரி இருந்துச்சு. சந்தனமாரி பெட்டியை எங்கன வைக்கலாம்னுகூட நான் யோசிச்சுட்டேன்.

அப்புறம் எந்திரிச்சா. "மனசு ஆயிரம் சொல்லும். அதுக்கெல்லாம் தாலியைக் கழட்ட முடியுமா? நான் கேட்டது எழுத்து எப்ப வந்துச்சுன்னு."

"மார்கழி."

"அப்ப மார்கழிதான். உனக்குத் தெரிஞ்சது மார்கழி. என்கிட்ட சொன்னது மார்கழி. ஊர்ல எவ கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன், நீயும் அதைத்தான் சொல்லணும்." திரும்பி உள்ளே சத்தம் போட்டா. "ஏளா சந்தனமாரி, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? அப்பனுக்கு அழணும்னா அழு, அடக்காதே. அழுதுட்டு உங்க அம்மைக்கு இலையைப் போடு. பஸ்ல வந்தவ, காலையில ஒண்ணும் தின்னுருக்க மாட்டா."

பிள்ளை என் மடியில விழுந்து அழுதா. நானும் அழுதேன், இந்த அஞ்சு வருசத்துல முதல் தடவையா. அக்கா அதுவரைக்கும் மல்லியைப் பரத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். ரசத்துல உப்பு ஜாஸ்தி. யாரும் சொல்லலை.

உன்னைத் திட்டவா கும்பிடவான்னு கேட்டேன்லா. ரெண்டும் வேண்டாம். உன்னை யாரு கேட்டாலும் மார்கழின்னே சொல்லு. ஆனியில நீ எழுதாம விட்டது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

மதினி
சீனித்தாய்